நறுமணத் தைலமும் நாணயமும்

தேயிலைக் கொழுந்தைச் செடியிலிருந்து கிள்ளி உடனே முகர்ந்து பார்த்தால் அதிற் பச்சிலை வாசனையன்றி வேறொன்றும் இராது. அதே கொழுந்து தொழிற்சாலையின் மேல்மாடியிலே வாடி, உருளையிலே அரைபட்டு, நொதித்து, சூட்டிலே உலர்ந்து வெளிவரும்போது, தலவாக்கலை வீதியிற் செல்வோரையும் ஒரு கணம் நின்று மூச்சிழுக்கச் செய்யும் மணத்தைப் பெற்றுவிடுகிறது. இம்மணம் வெளியிலிருந்து சேர்க்கப்பட்டதன்று. கொழுந்தினுள்ளே சர்க்கரையோடு பிணைந்து மணமற்றுக் கிடந்த சில பொருள்கள், இலை நசுங்கும்போது அவ்விலையிலுள்ள நொதியங்களாலேயே விடுவிக்கப்படுகின்றன. அவையே ஆவியாகி நமது மூக்கை எட்டுகின்றன.

இப்பொருள்களுக்கு இரசாயன நூலார் லினலூல், ஜெரனியால், மெதைல் சலிசிலேற்று என்றவாறு பெயரிட்டுள்ளனர். யூலை முதல் செப்டெம்பர் வரையிலான வரட்சிக் காலத்தில் ஊவாத் தேயிலைக்கு உண்டாகும் தனிச் சுவைமணத்திலே மெதைல் சலிசிலேற்றின் பங்கு பெரிது. தேயிலையில் மிகமிகச் சொற்பமாக உள்ள இவை, வேறு சில செடிகளிலே திரண்டு நிற்கின்றன. லினலூல் லவெண்டர்ப் பூவில் உண்டு. ஜெரனியால் நமது தென்மாகாணத்துச் சிற்றனெல்லாப் புல்லில் உண்டு. மெதைல் சலிசிலேற்றோ, ஹோர்ட்டன் சமவெளியிலே வளர்வதும் சிங்களத்தில் 'வெல் கப்புரு' எனப்படுவதுமான சிறு செடியின் இலையில் உண்டு. ஆகவே காலையிலே தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் நறுமணத் தைலங்களோடு ஏற்கெனவே பழக்கமுடையவர்களே.

அண்மைக்காலத்தில் இத்தைலங்கள் சிறுசிறு சீசாக்களில் அடைக்கப்பட்டு, 'அரோமாதெரப்பி' என்னும் நறுமணச் சிகிச்சையின் பெயரால் நகரக் கடைகளில் மட்டுமன்றி நமது மலையகப் பட்டினங்களிலும் விற்பனைக்கு வந்துள்ளன. நித்திரைக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று, பிள்ளையின் சளிக்கு ஒன்று என்று வாங்கிச் செல்லும் குடும்பங்கள் பல. சீசாவின் மேலே 'நூறு வீதம் சுத்தமானது' என்று எழுதியிருக்கிறது. அது மெய்யா பொய்யா என்பதை யார் அறிவார்? எவ்வாறு அறிவார்? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடையின் பெரும்பகுதி நமது நாட்டுச் சரித்திரத்திலேயே கிடக்கின்றது.

பெயரில் உள்ள பிழை

முதலில் பெயரைத் திருத்திக்கொள்வோம். ஆங்கிலத்திலே 'எசென்ஷியல் ஒயில்' என வழங்குவதைச் சிலர் 'அத்தியாவசிய எண்ணெய்' என்று மொழிபெயர்த்துவிட்டனர். இதனைக் கேட்போர், உடலுக்கு இன்றியமையாத எண்ணெய் போலும் என்று மயங்குவது இயல்பே. உண்மையில் அச்சொல் 'எசென்ஸ்', அதாவது சாரம், என்பதிலிருந்து பிறந்தது. செடியின் மணச் சாரம் என்பதே அதன் பொருள். ஆதலின் சாரத் தைலம் என்றோ நறுமணத் தைலம் என்றோ சொல்வதே பொருந்தும்.

மேலும் இவை தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவையும் அல்ல. தேங்காயெண்ணெயைக் காகிதத்தில் ஒரு துளி விட்டால் கறை என்றும் நிலைத்திருக்கும். சாரத் தைலமோ மெல்ல மெல்லப் பறந்துபோய்விடும். இந்த ஆவியாகும் இயல்பே அதற்கு மணத்தைத் தருவது. அதனைச் செடியிலிருந்து பிரித்தெடுக்கும் வழியும் அவ்வியல்பை ஒட்டியதே.

கொதிகலத்தில் இலையையோ புல்லையோ பட்டையையோ இட்டு, அதனூடே நீராவியைச் செலுத்துவார்கள். நீராவியும் தைல ஆவியும் கூடிக் குழாய் வழியே சென்று, குளிர்ந்து, பாத்திரத்தில் நீராகவும் தைலமாகவும் பிரிந்து நிற்கும். மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெரனியாலின் கொதிநிலை ஏறத்தாழ 230 பாகை. அப்படியிருந்தும் நீராவியோடு சேரும்போது அது 100 பாகைக்குக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகி வந்துவிடுகின்றது. ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்களின் ஆவியமுக்கங்கள் கூடி வளிமண்டல அமுக்கத்தை எட்டிவிடுவதே காரணம். இந்த எளிய விதி இல்லையேல், மென்மையான மணப்பொருள்கள் கடுஞ்சூட்டிலே சிதைந்து போயிருக்கும்.

சிற்றனெல்லா சொல்லும் கதை

மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளிலே விளையும் ஒருவகைப் புல்லைச் சிங்களத்தில் 'பெங்கிரி' என்பர். அதிலிருந்து வடிக்கப்படுவதே சிற்றனெல்லாத் தைலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இது காலித் துறைமுகம் வழியாகப் பெருமளவில் மேல்நாடுகளுக்குச் சென்றது. அங்கே சவர்க்காரத்துக்கு மணமூட்டுவோர் இதனைப் பெரிதும் விரும்பினர். கிராமத்துச் சிறு கமக்காரர் தம் கொதிகலங்களில் வடித்த தைலத்தைத் தரகர் வாங்கினர். தரகரிடமிருந்து வியாபாரியும், வியாபாரியிடமிருந்து ஏற்றுமதியாளரும் வாங்கினர்.

தைலத்துக்கு விலை ஏறியது. மண்ணெண்ணெயோ மலிவு. கையிலிருந்து கைமாறும் வழியிலே ஒன்றோடு மற்றொன்று கலந்தது. சிற்றனெல்லாவின் கடுமணம் மண்ணெண்ணெயின் வாசனையை மறைத்துவிடும். பார்வைக்கும் வேறுபாடு தோன்றாது. குர்ஜன் மரத் தைலத்தையும் தேங்காயெண்ணெயையும் கலந்தவர்களும் உண்டு.

ஐரோப்பிய வாங்குவோர் விரைவிலே விழித்துக்கொண்டனர். ஜேர்மனியின் லைப்சிக் நகரத்தைச் சேர்ந்த ஷிம்மல் கம்பனி, வாசனைத் தைலத் தொழிலிலே அக்காலத்தில் மிகுந்த புகழ் பெற்றிருந்தது. அவர்கள் வகுத்த எளிய சோதனை 'ஷிம்மல் சோதனை' என்று உலகெங்கும் வழங்கலாயிற்று. சிற்றனெல்லாத் தைலம் ஒரு பங்கு எடுத்து, 80 வீத மதுசாரம் ஒன்று அல்லது இரண்டு பங்கு விட்டால், 20 பாகை வெப்பத்திலே அது தெளிவாகக் கரைந்துவிட வேண்டும். பின்னர் மதுசாரத்தைப் பத்துப் பங்கு வரை கூட்டினாலும் தெளிவு கெடலாகாது. மிகுந்தால் மெல்லிய மங்கல் ஒன்று தோன்றலாம். துளிகள் பிரிந்து நிற்கலாகாது. மண்ணெண்ணெய் மிகுந்திருந்தால் கலவை பால்போற் கலங்கி, சிறிது நேரத்தில் எண்ணெய்த் துளிகள் மேலே மிதக்கும். தேங்காயெண்ணெய் கலந்திருந்தால் துளிகள் அடியிலே தங்கும்.

எவ்வளவு அழகான சோதனை! ஒரு கண்ணாடிக் குழாயும் சிறிது மதுசாரமும் இருந்தாற் போதும். வியாபார ஒப்பந்தங்களில் 'ஷிம்மல் சோதனையிலே தேறிய தைலம்' என்று எழுதி விலை பேசினர்.

ஆயின் இங்கேதான் கதை திரும்புகின்றது. நல்ல சிற்றனெல்லாத் தைலம் அச்சோதனையில் வேண்டிய அளவினும் மேலாகவே கரையக்கூடியது. ஆகவே அதனோடு சிறிதளவு மண்ணெண்ணெயைச் சேர்த்தாலும் சோதனையில் தேறிவிடும். கலப்படக்காரர் இதனைக் கண்டுகொண்டனர். எவ்வளவு கலந்தால் அகப்படாமல் இருக்கலாம் என்பதை அதே கண்ணாடிக் குழாயைக் கொண்டே அளந்து, அந்த எல்லை வரை கலக்கத் தொடங்கினர். கள்வனைப் பிடிக்க வைத்த விளக்கே கள்வனுக்கு வழிகாட்டும் விளக்காயிற்று.

ஷிம்மல் கம்பனியார் பின்னர் சோதனையைக் கடுமையாக்கினர். சோதிப்பவர் தாமே தைலத்திலே நூற்றுக்கு ஐந்து பங்கு பெற்றோலியத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பின்னும் அது முன்போலத் தேறினால்தான் நல்ல தைலம். ஏற்கெனவே எல்லை வரை கலந்துவைத்த தைலம் இந்த ஐந்து பங்கைத் தாங்காது கலங்கிவிடும். கலப்படக்காரனின் கணக்கை அவன் மீதே திருப்பிய உபாயம் இது. இதனோடு தைலத்திலுள்ள மொத்த ஜெரனியாலை இரசாயன முறையில் அளந்து, அதன்படி விலை கூறும் வழக்கமும் வந்தது.

எனினும் சந்தை காத்திருக்கவில்லை. 'மகா பெங்கிரி' என்னும் உயர்ந்த புல்லினம் இலங்கையிலிருந்து யாவாத் தீவுக்குச் சென்று அங்கே செழித்தது. அதன் தைலத்திலே சிற்றனெல்லால் என்னும் பொருள் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு அளவிலே உண்டு. இலங்கையில் நிலைத்த 'லெனபட்டு' இனத்தின் தைலத்திலோ அது பெரும்பாலும் பதினைந்துக்கு மேற்படாது. யாவாத் தைலம் இயல்பிலேயே உயர்ந்தது. அதனால் அது முந்தியதற்குக் கலப்படம் ஒன்றே காரணம் என்று கூறுதல் நியாயமன்று. ஆயினும் போட்டி வந்த வேளையிலே நமது சரக்கின் பெயர் மாசுபட்டிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. வெயிலிலே புல் அறுத்த கமக்காரன் செய்யாத குற்றத்துக்கு அவனும் சேர்ந்தே தண்டனை பெற்றான்.

ஒரு மரம், மூன்று தைலம்

கலப்படம் என்றதும் அயற்பொருளையே நினைக்கின்றோம். ஒரே மரத்தின் பகுதிகளைக் கொண்டும் ஏமாற்ற முடியும் என்பதற்குக் கறுவா சான்று.

கறுவாப் பட்டையை வடித்தால் வரும் தைலத்திலே முதன்மையானது சின்னமல்டிகைட்டு. நாம் கறுவா என்று அறியும் இனிய மணம் அதனுடையதே. அதே மரத்தின் இலையை வடித்தால் வருவது பெரும்பாலும் யூஜெனோல். அதன் மணம் கறுவாவையன்றிக் கராம்பையே நினைவூட்டும். வேரின் பட்டையை வடித்தாலோ கற்பூரம் மிகுந்த தைலம் கிடைக்கும். மரம் ஒன்று, தைலம் மூன்று. இயற்கையின் இவ்விநோதம் நமது நாட்டு மரத்திலே நிகழ்வது பெருமைக்குரியது.

இலை ஏராளமாகக் கிடைப்பது. பட்டையோ அருமையானது. ஆதலின் பட்டைத் தைலத்தின் விலை இலைத் தைலத்தின் விலையிலும் பன்மடங்கு. பட்டைத் தைலத்திலே இலைத் தைலத்தைக் கலப்பவன் 'இதுவும் கறுவாத் தைலமே' என்று சாதிக்கலாம். அவன் சொல்வது பொய்யன்று. ஆயினும் வாங்குவோன் ஏமாந்துவிட்டான். பழைய ஆய்வுகூடங்களிலே இதற்கு ஓர் எளிய சோதனை இருந்தது. தைலத்தின் ஒரு துளியை மதுசாரத்திற் கரைத்து, பெரிக்குக் குளோரைட்டுக் கரைசல் ஒரு துளி சேர்ப்பார்கள். நல்ல பட்டைத் தைலம் வெளிறிய பச்சை நிறங் காட்டும். இலைத் தைலம் கடும் நீல நிறங் காட்டும். கல்லூரி ஆய்வுகூடத்திலே மாணவர் கண்முன் செய்துகாட்டத்தக்க சோதனை இது.

'இலங்கைக் கறுவா' என்னும் பெயருக்கு 2022ஆம் ஆண்டிலே ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கிற்று. அப்பெயரை வேறு நாட்டுச் சரக்கின் மேல் ஒட்டுதல் அங்கே சட்ட விரோதமாகும். சிற்றனெல்லாவின் பெயர் மாசுபட்ட நாட்டிலே, கறுவாவின் பெயர் சட்டத்தின் காப்பைப் பெற்றிருப்பது மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

நமது மலைகளில் வரிசையாக நிற்கும் யூக்கலிப்டஸ் மரமும் இத்தகைய பாடத்தையே தருகின்றது. அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் 1843இலே நீலகிரிக்கு வந்தது. அங்கே வடிக்கப்படும் 'நீலகிரித் தைலம்' தமிழ்க் குடும்பங்கள் யாவும் அறிந்ததே. நமது தோட்டங்களில் இதனைப் பலரும் 'டர்பன்டைன் மரம்' என்றே அழைப்பர். யூக்கலிப்டஸில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. மருந்துக்கு ஏற்றது சினியோல் மிகுந்த தைலமே. பிரித்தானிய மருந்து நூல் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் குறையாத சினியோலை வேண்டுகின்றது. எல்லா இனமும் இதனைத் தருவதில்லை. சில இனங்களின் தைலத்திலே பைனீன் என்னும் பொருளே மிகுதி. மெய்யான டர்பன்டைனின் முதன்மைப் பொருளும் அதுவே. 'யூக்கலிப்டஸ்' என்று மட்டும் எழுதிய சீசா நமக்குப் பாதிச் செய்தியையே தருகின்றது என்பது இதனாற் புலனாகும்.

மூக்கும் கருவியும்

தைலத்தின் தரத்தை அறிவதற்கு முதற் கருவி மூக்கே. தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவோர் இன்றும் தம் நாவையும் மூக்கையும் கொண்டே விலை கூறுகின்றனர். 1883இலே தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் அவர்களுடைய தீர்ப்பின் மீதே நடைபெற்று வருகின்றது. தைலம் மதிப்பிடுவோரும் அவ்வாறே மெல்லிய காகிதக் கீற்றைத் தைலத்திலே தோய்த்து, உடனே ஒருமுறையும், ஒரு மணி நேரத்தின் பின் ஒருமுறையும், மறுநாள் ஒருமுறையும் முகர்வார்கள். எளிதிற் பறக்கும் பொருள்கள் முதலிலும், மெல்லப் பறப்பவை இறுதியிலும் தம்மைக் காட்டும். முதல் மணத்திலே ஒளிந்திருந்த அயற்பொருள் மறுநாள் வெளிப்பட்டுவிடுவதும் உண்டு.

அடுத்தவை பௌதிக அளவைகள். கராம்புத் தைலமும் கறுவா இலைத் தைலமும் நீரினும் கனமானவை, நீரில் அமிழும். சிற்றனெல்லாவும் யூக்கலிப்டஸும் மிதக்கும். தைலத்தின் தன்னீர்ப்பு, ஒளி அதனுட் புகும்போது வளையும் அளவாகிய முறிவுச் சுட்டி, முனைவாக்கிய ஒளியை அது இடம் வலமாகத் திருப்பும் அளவு ஆகியவற்றை அளந்து, நல்ல தைலத்துக்குரிய எல்லைகளோடு ஒப்பிடுவர். இலங்கைச் சிற்றனெல்லாவை யாவாச் சிற்றனெல்லாவினின்றும் பிரித்தறிய இந்த ஒளித்திருப்பம் நன்கு உதவும். இலங்கைத் தைலம் ஒளியை இடப்புறமாக அதிகந் திருப்புவது.

பெரிய மாற்றம் 1952இலே வந்தது. ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் இரு ஆங்கில விஞ்ஞானிகள் வாயு நிறப்பகுப்பு என்னும் முறையை அவ்வாண்டிலே வெளியிட்டனர். தைலத்தின் சிறு துளியை ஆவியாக்கி, நீண்ட மெல்லிய குழாய் ஒன்றினூடே வாயுவின் உதவியாற் செலுத்துவர். குழாயின் உட்பூச்சிலே ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரந் தங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறும். ஒவ்வொன்றும் வெளியேறும்போது தாளிலே ஒரு சிகரம் வரையப்படும். சிகரத்தின் இடம் இன்ன பொருள் என்பதையும், அதன் பரப்பு எவ்வளவு என்பதையும் கூறும். ஐம்பதோ நூறோ பொருள்கள் கூடிய தைலம் ஒன்று, மலைத்தொடர் போன்ற தன் உருவத்தைத் தானே வரைந்து காட்டிவிடுகின்றது. இன்று அனைத்துலகத் தர நியம நிறுவனம் இலங்கைச் சிற்றனெல்லாவுக்கும் யாவாச் சிற்றனெல்லாவுக்கும் தனித்தனி நியமங்களை வெளியிட்டு, முக்கிய பொருள்கள் இருக்க வேண்டிய எல்லைகளை வகுத்துள்ளது.

இனிக் கலப்படம் ஒழிந்தது என்று எண்ணுவோமாயின் ஷிம்மல் சோதனையின் பாடத்தை மறந்தவர்களாவோம். எல்லைகள் அச்சிலே வெளிவந்துவிட்டால், தொழிற்சாலையிற் செய்த லினலூலையும் ஜெரனியாலையும் அந்த எல்லைகளுக்குப் பொருந்தக் கலந்துவிடலாம். சிகரங்கள் சரியாகவே இருக்கும். பழைய கண்ணாடிக் குழாய்க்கு நேர்ந்ததே புதிய கருவிக்கும் நேரும்.

ஆதலின் மேலும் நுட்பமான கேள்விகள் வேண்டியவையாயின. நமது இடக்கையும் வலக்கையும் உருவிலே ஒத்திருந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாதவாறு போல, சில மூலக்கூறுகள் இடவடிவம், வலவடிவம் என இரண்டு உடையன. மெய்யான லவெண்டர்த் தைலத்தில் உள்ள லினலூல் ஏறத்தாழ முழுவதும் ஒரே வடிவினது. தொழிற்சாலை லினலூலிலோ வழக்கமாக இரண்டும் சரிபாதி. இரண்டையும் பிரித்தறியும் குழாய் இன்று உண்டு. மற்றொரு சோதனை கதிர்வீச்சுக் கரியைப் பற்றியது. உயிருள்ள செடி காற்றிலிருந்து கரி-14 என்பதைச் சிறிதளவு ஏற்கும். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 5,730 ஆண்டுகள். பல கோடி ஆண்டுகள் மண்ணுள் கிடந்த பெற்றோலியத்திலே அது முற்றும் அழிந்துவிட்டது. ஆகவே பெற்றோலியத்திலிருந்து செய்த மணப்பொருளைக் கரி-14இன் குறைவே காட்டிக் கொடுத்துவிடும். ஆயினும் மலிவான வேறொரு செடியிலிருந்து எடுத்த பொருளைக் கலந்தால் இச்சோதனை வாய் திறவாது. ஒவ்வொரு சோதனையும் தன்னைக் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். பல கேள்விகளுக்கு விடைகள் ஒன்றுபட்டு நிற்கும்போதே தைலம் மெய்யானது என்று கூறலாம்.

சோதனைகள் கேளாத கேள்வி

இத்தனை சோதனைகளிலும் தேறிய தைலம் நோயைத் தீர்க்குமா? இதனை மேற்கூறிய எந்தக் கருவியும் கேட்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

'அரோமாதெரப்பி' என்னும் பெயரைப் படைத்தவர் ரெனே-மோரிஸ் கத்தபோசே என்னும் பிரெஞ்சு இரசாயனர். 1910இலே தமது ஆய்வுகூடத்தில் நேர்ந்த வெடிவிபத்தால் உண்டான கைப்புண்ணுக்கு லவெண்டர்த் தைலத்தைப் பயன்படுத்தியதாக அவர் எழுதினார். அவருடைய நூல் 1937இல் வெளிவந்தது. அதன் பின்னர் இத்தைலங்கள் பற்றிக் கூறப்படும் நன்மைகள் ஏராளம். மெய்ப்பிக்கப்பட்டவை மிகச் சில. குடலிலே சென்று கரையும் உறையிலிட்ட மிளகுக்கீரைத் தைலம் ஒருவகைக் குடல் வேதனையைத் தணிப்பதாகப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. சிற்றனெல்லா நுளம்பை விரட்டுவது மெய். ஆயினும் அது விரைவிற் பறந்துவிடுவதால் பயன் நெடுநேரம் நில்லாது. நல்ல மணம் மனத்துக்கு இதந் தருவதை யாரும் மறுக்கமாட்டார்கள். நாட்பட்ட நோய்க்கு அது வைத்தியமாகிவிடாது.

சில சீசாக்களில் 'மருத்துவத் தரம்' என்ற சொற்கள் காணப்படுகின்றன. தைலங்களுக்கு அத்தகைய தரத்தை வழங்கும் பொது நியம நிறுவனம் எதுவும் இல்லை. விற்பவர் தாமே சூட்டிக்கொள்ளும் பட்டமே அது. நியமங்கள் 'இது கூறப்பட்ட தைலந்தானா' என்பதைச் சொல்லும். 'இது குணப்படுத்துமா' என்பதைச் சொல்லா.

இதனினும் முக்கியமானது வேறொன்று. சுத்தமான தைலம் என்றால் தீங்கற்ற தைலம் என்று பலர் நம்புகின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. வெல் கப்புருவின் இனத்தைச் சேர்ந்த வின்டர்கிரீன் தைலம் ஏறத்தாழ முழுவதும் மெதைல் சலிசிலேற்றே. அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், ஏறத்தாழ 7 கிராம் அஸ்பிரினுக்குச் சமம். 300 மில்லிகிராம் மாத்திரைகளாக எண்ணினால் இருபதுக்கும் மேல்! ஒரு சிறு குழந்தையின் உயிரைப் போக்க அது போதும். யூக்கலிப்டஸ் தைலத்தையும் கற்பூரத்தையும் சிறிதளவு விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பு ஏற்பட்டதுண்டு. தைலம் எவ்வளவுக்கு எவ்வளவு சுத்தமோ, அவ்வளவுக்கு அவ்வளவு ஆபத்தும் செறிந்தது. கலப்படமற்றது என்று மகிழ்ந்து, மூடி தளர்ந்த சீசாவைத் தொட்டிலருகே வைக்கும் தாய்மார் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

வீட்டிலே கவனிக்க வேண்டியவை

வாங்கும்போது சீசாவின் மேல் எழுதியிருப்பதை முழுவதும் படிக்க வேண்டும். செடியின் தாவரவியற் பெயர், எப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது, எந்த நாட்டில் விளைந்தது, தொகுதி இலக்கம் ஆகியவை இருத்தல் நன்று. கறுவா என்றால் பட்டையா இலையா என்று கேளுங்கள். தொகுதி இலக்கம் கொடுக்கும் நேர்மையான விற்பனையாளர், அத்தொகுதியின் பகுப்பாய்வு அறிக்கையையும் கேட்டால் காட்டக்கூடியவராயிருப்பார். ரோசாவும் சந்தனமும் எலுமிச்சையும் ஒரே விலைக்கு அடுக்கப்பட்டிருக்கும் கடையில் எச்சரிக்கையோடு இருங்கள். ஒரு மலரிலிருந்து கிடைக்கும் தைலத்தின் அளவும் ஒரு தோலிலிருந்து கிடைக்கும் அளவும் ஒன்றாயிரா.

வீட்டிலே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டு ஒருநாள் வைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கறை நிலைத்தால் தேங்காயெண்ணெய் போன்ற நிலையெண்ணெய் கலந்திருக்கலாம். சந்தனம், வெட்டிவேர் போன்ற கனத்த தைலங்கள் இயல்பாகவே மெதுவாகப் பறப்பவை. அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது. பறந்துவிடும் கலப்படப் பொருளையும் இது காட்டாது. சிறு கேள்விக்குச் சிறு விடை என்ற அளவிலே இதனைக் கொள்ள வேண்டும்.

தைலம் நாட்படக் கெடும். காற்று, வெளிச்சம், வெப்பம் ஆகிய மூன்றும் அதன் பகைவர். எலுமிச்சை, தோடை முதலியவற்றின் தைலத்திலுள்ள லிமோனீனும், லவெண்டரிலுள்ள லினலூலும் காற்றோடு கூடி ஒட்சியேறினால், தோலிலே ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்களாக மாறும். கருநிறக் கண்ணாடிச் சீசாவிலே, இறுக மூடி, குளிர்ந்த இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தோலிற் பூசுவதாயின் தேங்காயெண்ணெயில் நன்கு ஐதாக்கிப் பூசுங்கள். பிழிந்தெடுத்த தேசிக்காய்த் தைலத்தைப் பூசிக்கொண்டு வெயிலிற் சென்றால் தோல் வெந்ததுபோலாகும். கைக்குழந்தையின் மூக்கருகே யூக்கலிப்டஸோ மெந்தோலோ தடவாதீர்கள். வாய்வழி உட்கொள்ளுதல் வைத்தியர் சொன்னாலன்றி வேண்டா.

மாணவர்க்கு ஒரு வார்த்தை

தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்திலே இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இலே தாபிக்கப்பட்டது. கொழும்பிலே 1955இலே தோன்றிய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனம் இன்று கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகின்றது. இவற்றின் ஆய்வுகூடங்களிலே வேண்டப்படுவது கருவி மட்டுமன்று. சிகரங்களின் வரிசையைப் பார்த்து 'இது சரியாகவே இருக்கின்றது. ஆயினும் ஏன் இவ்வளவு சரியாக இருக்கின்றது?' என்று ஐயுறத் தெரிந்த மூளையும், தேறாததைத் தேறியது என்று எழுதாத கையும் வேண்டும்.

பல தலைமுறைகளாக நமது மக்கள் இம்மலைகளிலே கொழுந்து பறித்து, உலகம் மெச்சும் ஒரு மணத்தை உண்டாக்கித் தந்துள்ளனர். அம்மணத்துக்கு விலை கூறியவர்கள் பெரும்பாலும் வேறெங்கோ இருந்தார்கள். புல் அறுத்த கமக்காரனும் தன் தைலத்தைச் சோதிக்கும் வழி அறியாதவனாய் இருந்தமையாலேயே, இடையில் நின்றவர் செய்த குற்றத்தை அவனால் மறுக்க முடியவில்லை. நமது பிள்ளைகள் இரசாயனத்தை ஆர்வத்தோடு கற்று அந்த ஆய்வுகூடங்களுட் புகுவாராயின், கொழுந்துக்கும் கறுவாவுக்கும் பெங்கிரிக்கும் உரிய மதிப்பை அளந்து சொல்லும் தகுதி, அவற்றை விளைவிப்போர் வீட்டிலேயே உண்டாகும். பரீட்சைக்காகப் படிக்கும் சேதன இரசாயனம் எதற்குப் பயன்படும் என்று வினவும் மாணவர்களுக்கு இதனை ஒரு விடையாகக் கூறலாம்.